வாசகர் கேள்வி – பதில்: ஓர் உழவருக்கு எத்தனை கட்டம்?

சென்ற இதழில், 'பேனிஷ்ட்' என்னும் நகர் அமைக்கும் கணினி விளையாட்டில் குளிர்காலத்துக்கு விறகு சேர்ப்பது எப்படி என்று கேட்டிருந்த ஒரு வாசகருக்கு விடை எழுதியபோது, போகிற போக்கில், 10-க்கு 10 கட்ட வயலுக்கு ஓர் உழவரே போதும் என்று வயல்களைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரியே இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமாகிவிட்டது. ஆகையால் இந்தப் பகுதி முழுவதையும் வயலின் அளவுக்கே ஒதுக்குகிறேன்.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். 2014 பிப்ரவரியில் வெளிவந்த இதனை, ஷைனிங் ராக் சாஃப்ட்வேர் என்ற பெயரில் லூக் ஹோடோரோவிச் தனி ஒருவராக உருவாக்கினார். ஊரை விட்டுத் துரத்தப்பட்ட சில குடும்பங்கள் காட்டு நிலம் ஒன்றில் புதிதாகக் குடியேறுகின்றன. அங்கே பணம் கிடையாது. உணவு, விறகு, துணி, கருவி ஆகியவையே செல்வம். வயலை மவுஸால் இழுத்து நாமே வரைய வேண்டும்; மிகச் சிறியது 4-க்கு 4 கட்டம், மிகப் பெரியது 15-க்கு 15 கட்டம்.

கேள்வி: ஐயா, என் ஊரில் 40 பேர் இருக்கிறார்கள், அவர்களில் வேலை செய்யும் வயதினர் 22 பேர். ஆட்கள் குறைவாக இருப்பதால், 15-க்கு 15 அளவில் மூன்று பெரிய வயல்களைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு உழவர்களை நியமித்தேன். இத்தனை பரப்பு இருந்தும், சென்ற ஆண்டு மூன்று வயல்களும் சேர்ந்து 2,600 சொச்சம் உணவுதான் தந்தன. மூன்றாவது குளிர்காலத்தில் பட்டினிச் சாவு தொடங்கிவிட்டது. நிலம் போதவில்லையா?
— கல்லூரி மாணவர், ரோஸ் ஹில்

பதில்: தம்பி, உங்களிடம் நிலம் தேவைக்கு மேலேயே இருக்கிறது, ஆட்கள்தான் போதவில்லை. நீங்கள் கடிதத்தில் எழுதிய எண்களைக் கொண்டே இதைப் பார்த்துவிடலாம்.

ஒரு வயல் 15-க்கு 15 என்றால் 225 கட்டம். மூன்று வயலுக்கு 675 கட்டம். நல்ல விளைச்சலில் ஒரு கட்டத்துக்கு ஏறத்தாழ 7 உணவு என்று நான் எப்போதும் கணக்கு வைப்பேன். அந்தக் கணக்கில் உங்கள் மூன்று வயல்களும் 4,725 தந்திருக்க வேண்டும். இந்த விளையாட்டில் ஓர் ஆள் ஆண்டுக்குச் சுமார் 100 உணவு உண்கிறார் என்பதால், 40 பேருக்கு 4,000 போதும். காகிதத்தில் பார்த்தால் உங்களுக்கு மிச்சமே இருக்கிறது. ஆனால் கைக்கு வந்தது 2,600 சொச்சம். அதை ஆறு உழவர்களுக்குப் பங்கிட்டுப் பாருங்கள்: தலைக்கு 435 அளவில் வரும். 8-க்கு 8 அளவுள்ள, 64 கட்டங்கள் கொண்ட ஒரு சிறு வயலில் ஓர் உழவர் முழுதாக விளைவித்து எடுப்பது 448. இரண்டு எண்களும் எவ்வளவு அருகில் நிற்கின்றன என்று கவனியுங்கள். உங்கள் உழவர்கள் சோம்பி இருக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் கைக்கு எட்டிய அறுபது சொச்சம் கட்டங்களை ஒழுங்காக விளைவித்திருக்கிறார்கள். நீங்களோ ஒவ்வொருவர் தலையிலும் 112 கட்டங்களைச் சுமத்தியிருந்தீர்கள். மிச்சக் கட்டங்களில் சில விதைக்கப்படாமலும், சில காலம் தவறி விதைக்கப்பட்டும், சில விளைந்தும் அறுக்க ஆளில்லாமலும் உறைபனிக்குப் பலியாகியிருக்கும்.

இது ஏன் என்று உங்களுக்கே புரிய ஒரு வழி சொல்கிறேன். நம்மில் பலர் இந்த விளையாட்டைப் பத்து மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அறுவடை எண்ணை மட்டும் பார்க்கிறோம். ஒரே ஒரு ஆண்டு வேகத்தைக் குறைத்து, ஓர் உழவரைச் சொடுக்கி, அவர் பின்னாலேயே போங்கள். நான் அப்படி ஒரு பெண் உழவரைப் பின்தொடர்ந்தேன். பனி உருகியதும் வயலுக்கு வந்தவர், கட்டம் கட்டமாக நின்று விதைத்துக்கொண்டு போனார். ஒரு வரிசையின் பாதியில் பசி எடுத்து வீட்டுக்கு நடந்தார். வீடோ ஆற்றுக்கு அந்தப் பக்கம். வீட்டில் உணவு தீர்ந்திருந்தது. களஞ்சியத்துக்குப் போய் எடுத்துக்கொண்டு, வீட்டில் வைத்து, உண்டு, மறுபடியும் வயலுக்கு வந்து அந்தப் பாதி வரிசையைத் தொடர்ந்தபோது வசந்தத்தின் நடுப்பகுதி கடந்துவிட்டது. அறுவடையின்போதும் அதே கதை: கை நிறைந்ததும் களஞ்சியத்துக்கு நடை, திரும்பி வர நடை. அவருடைய ஓர் ஆண்டில் எத்தனை நாள் வயலிலும் எத்தனை நாள் வழியிலும் போயின என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, வயலின் அளவை நான் நிலத்தைப் பார்த்து முடிவு செய்வதையே விட்டுவிட்டேன். அகல உழுவதைவிட ஆழ உழு என்று நம் முன்னோர் சொன்னது இந்த விளையாட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது.

இனி, உங்கள் ஊரைக் காப்பாற்றும் வழி. போட்டுவிட்ட வயலைச் சுருக்க இந்த விளையாட்டில் இடமில்லை. அழித்துவிட்டு மறுபடியும் வரைய வேண்டும். அதற்கு இப்போது நேரமில்லை. மூன்று வயல்களில் களஞ்சியத்துக்குத் தொலைவான ஒன்றிலிருந்து ஆட்களை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். மற்ற இரண்டுக்கும் நான்கு நான்கு பேராக எட்டு உழவர்களை வையுங்கள். ஆளுக்கு 56 கட்டம் வரும். இரண்டு வயலும் நிறைவாக விளைந்தால் 3,150 கிடைக்கும். மீதி 850-ஐ ஒரு மீன்பிடி துறையும், வெட்டாத காட்டுக்குள் ஒரு சேகரிப்போர் குடிசையும் தரட்டும். வேலை செய்யும் 22 பேரில் எட்டுப் பேர் வயலுக்குப் போனால் மற்ற வேலைகள் நின்றுவிடுமே என்று அஞ்ச வேண்டாம்: குளிர்காலத்தில் வயலில் வேலை இல்லாதபோது உழவர்கள் பொதுவேலைக்கு, அதாவது மரம் வெட்டவும் கல் எடுக்கவும் சுமை தூக்கவும் தாமாகவே வந்துவிடுவார்கள். கைவிட்ட அந்த மூன்றாவது வயலைப் பார்த்து மனம் வருந்தாதீர்கள். ஆள் பெருகிய பின் அதை அழித்து, அதே இடத்தில் சிறு வயல்களாகப் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. விடுமுறைக்கு வந்த பேரனுடன் சேர்ந்து விளையாடுகிறேன். இலையுதிர் காலத்தில் பாதி வயல் அப்படியே கருகிப் போனது. உறைபனி என்கிறான். மொரீசியஸில் பிறந்து வளர்ந்த நமக்கு அது எப்போது வரும், எதைப் பார்த்து முன்கூட்டி அறிவது?
— சென் பியேர்

பதில்: அம்மா, நம் தீவில் எவருக்கும் பழக்கமில்லாத ஒன்றைத்தான் இந்த விளையாட்டு நடுநாயகமாக வைத்திருக்கிறது. நமக்கு டிசம்பர் கோடைக்காலம். அங்கே ஆண்டின் முடிவு பனி. ஆனால் அந்த அச்சத்தின் தன்மை நமக்குப் புதிதல்ல. புயல் எச்சரிக்கை நம் நாட்டில் முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை ஏறுகிறது. இரண்டாம் வகுப்பு அறிவிப்பைக் கேட்டதும், பாதி பழுத்த போம்தாமூரையும் (தக்காளியை நாம் அப்படித்தானே சொல்கிறோம்) பறித்துக் கூடையில் போட்டு வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும் தோட்டக்காரரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். முழுக்கப் பழுக்கும்வரை காத்திருந்தால் ஒன்றுமே மிஞ்சாது என்று அவருக்குத் தெரியும். உறைபனியையும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டில் பருவத்தோடு வெப்பநிலையும் திரையில் காட்டப்படுகிறது. இலையுதிர் காலத்தில் அந்த எண் இறங்கத் தொடங்கியும் வயலில் பயிர் நின்றால், வயலின் சாளரத்தில் உடனடியாக அறுவடை செய்யச் சொல்லும் பொத்தான் ஒன்று உண்டு, அதை அழுத்துங்கள். முற்றாத கட்டங்களில் கிடைப்பது குறையும், ஆனால் கருகிய கட்டத்தில் கிடைப்பது ஒன்றுமில்லை. ஆட்டத்தைத் தொடங்கும்போது தட்பவெப்பத்தை மூன்று நிலைகளில் தேர்ந்தெடுக்கலாம். பேரன் கடுமையானதைத் தேர்ந்திருந்தால், ஓர் உழவருக்கு 64 கட்டம் என்பதை 50 ஆகக் குறைத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது விதைப்பு. ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறோம். அங்கே தேட வேண்டியது வசந்தத்தின் தொடக்கம். நிறையப் பேர் வசந்தம் வந்த பிறகுதான் புது வயலை வரைகிறார்கள். அந்த இடத்தில் உள்ள மரங்களை வெட்டி, கற்களை அகற்றி, நிலத்தைத் தயாராக்குவதற்குள் கோடை வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு விதைத்த பயிர் முற்றுவதற்குள் குளிர் வந்துவிடுகிறது. புது வயலை அறுவடை முடிந்த கையோடு, இலையுதிர் காலத்தின் கடைசியில் வரையுங்கள். நம் கரும்புத் தோட்டங்களின் நடுவே கருங்கற்களைக் கோபுரம் போலக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எரிமலைப் பாறை நிறைந்த இந்த மண்ணில் ஒரு வயலை உண்டாக்க எத்தனை கைகள் கல் பொறுக்கின என்பதற்கு அவையே சாட்சி. விளையாட்டிலும் அந்த வேலைக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் கொடுக்க வேண்டும்.

கேள்வி: 10-க்கு 10 வயலுக்கு ஓர் உழவரே போதும் என்று சென்ற இதழில் எழுதினீர்கள். அதை நம்பி நான்கு வயல் போட்டேன். நான்கிலும் ஒவ்வோர் ஆண்டும் கால் பங்குக்கு மேல் வீணாகிறது.
— வாகுவா

பதில்: பிழை என்னுடையது, வருந்துகிறேன். என் ஊரில் அது நடந்தது உண்மைதான், ஆனால் நடந்ததற்கான காரணங்களை நான் எழுதவில்லை. அங்கே தட்பவெப்பம் மிதமானது. களஞ்சியம் வயலின் வேலியை ஒட்டியே இருந்தது. உழவர் வீட்டு வாசலிலிருந்து வயலுக்குப் பத்தடி. அவர் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்தவர். படித்தவர்களின் உழைப்பு இந்த விளையாட்டில் கூடுதலாகப் பயன் தருகிறது. இந்த நான்கும் ஒன்றாகக் கூடிய இடத்தில் மட்டுமே 100 கட்டத்தை ஒருவர் சமாளிக்கிறார். ஒன்று குறைந்தாலும் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

உங்கள் நான்கு வயல்களையும் அழிக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் இன்னொரு உழவரைச் சேர்ப்பது ஒரு வழி. ஆனால் ஆளுக்கு 50 கட்டமே வரும் என்பதால் உழைப்பில் கொஞ்சம் வீணாகும். நான்கு ஆட்களை விட்டுக்கொடுக்க முடியாதென்றால், இரண்டு வயல்களை மட்டும் இரண்டிரண்டு பேருடன் நடத்துங்கள்; கிடைக்கும் 1,400 உணவு, இப்போது நான்கு வயல்களில் கிடைப்பதைவிடக் குறைவாக இருக்கலாம், ஆனால் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்காது. குளிர்காலத்துக்கு முன் கையிருப்பைக் கணக்கிடுபவருக்கு அந்த உறுதியே பெரிது. இனிப் புதிதாகப் போடும்போது, இருவருக்கென்றால் 11-க்கு 11 என்ற அளவை வையுங்கள். 121 கட்டம், ஆளுக்கு அறுபது சொச்சம், 847 உணவு, எட்டுப் பேர் உண்ணலாம். சிறு வயல்களுக்கு இடையே பாதைக்குப் போகும் நிலமும் இதில் மிச்சமாகிறது.

கேள்வி: வயல் சதுரமாக இருக்க வேண்டுமா, நீளமாக இருக்கலாமா?
— காத்ர் போர்ன்

பதில்: பேனிஷ்டைப் பொறுத்தவரை வடிவத்தால் பெரிய வேறுபாடு இல்லை. 8-க்கு 8 என்றால் 64 கட்டம், 5-க்கு 13 என்றால் 65. இரண்டிலும் ஒரே உழவர் ஏறத்தாழ ஒரே அளவு எடுக்கிறார். ஆற்றோரத்தில் ஒடுங்கிய நிலம் இருந்தால் தயங்காமல் நீளமாகப் போடுங்கள். எனக்கு 8-க்கு 8 பிடிப்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: வீடு 4-க்கு 4 கட்டம் பிடிக்கிறது, ஆகவே வயலின் ஒரு பக்கத்தில் இரண்டு வீடுகள் ஒரு கட்டமும் வீணாகாமல் பொருந்துகின்றன. ஒரு வரிசை வயல், ஒரு பாதை, ஒரு வரிசை வீடு என்று போட்டுக்கொண்டே போகலாம். களஞ்சியத்துக்கான இடத்தை முதலில் ஒதுக்கிவிட்டு அதைச் சுற்றி வயல்களை அமையுங்கள். வயல்களைப் போட்டுவிட்டுக் களஞ்சியத்துக்கு இடம் தேடினால் அது எப்போதும் ஊரின் ஓரத்துக்குத்தான் போகும்.

கேள்வி: எனக்கு ஒன்றரை ஆர்ப்பாங் நிலத்தில் கரும்பு உண்டு. புது நடவின்போது வரிசைகளுக்கு இடையே உருளைக்கிழங்கு போடுவோம். விளையாட்டில் ஒரு வயலில் இரண்டு பயிர் வைக்க வழியில்லை. அப்படியானால் எல்லா வயலிலும் நன்றாக விளையும் ஒரே பயிரை வைத்துவிடலாமா? பயிர் மாற்றிப் பயிர் வைக்காவிட்டால் மண் களைத்துப் போகுமா?
— சிறு விவசாயி, குட்லண்ட்ஸ்

பதில்: ஐயா, உங்களைப் போன்று மண்ணில் நின்றவர் கேட்கும் கேள்விக்கு விடை எழுதுவது எனக்குப் பெருமை. பேனிஷ்டில் மண் களைப்பதில்லை. பத்து ஆண்டுகள் ஒரே வயலில் மக்காச்சோளம் போட்டாலும் விளைச்சல் குறையாது. உண்மை நிலத்தோடு ஒப்பிட்டால் இது அந்த விளையாட்டின் குறைதான் என்று நான் கருதுகிறேன். ஆனாலும் ஒரே பயிரை எங்கும் வைக்க வேண்டாம். அதற்கு வேறு இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, பூச்சித் தாக்குதல். ஒரு வயலில் அது தொடங்கினால், அருகில் அதே பயிர் நிற்கும் வயல்களுக்குப் பரவுகிறது; இடையில் வேறு பயிர் நின்றால் அந்த வழி அடைபடுகிறது. ஒரு முறை என் ஊரில் ஒட்டி ஒட்டிப் போட்டிருந்த ஆறு முட்டைக்கோஸ் வயல்கள் ஒரே கோடையில் போயின. அன்று முதல் முட்டைக்கோஸுக்கு அடுத்து கோதுமை, அதற்கடுத்து பூசணி என்று மாற்றி மாற்றித்தான் வைக்கிறேன். இதை முன்னிட்டுப் பார்த்தாலும் சிறு வயலே நல்லது: 225 கட்டம் கொண்ட ஒரு வயலில் பூச்சி விழுந்தால் பதினைந்து பேரின் உணவு போகும், 64 கட்டத்தில் விழுந்தால் நான்கு பேரின் உணவு.

இரண்டாவது, உடல்நலம். தானியம், காய்கறி, பழம், மீனும் இறைச்சியும் போன்ற புரத உணவு என்று பலவகையும் கிடைக்கும் குடும்பங்களே நலமாக இருக்கின்றன. மக்காச்சோளம் மட்டுமே உண்ணும் ஊரில் வயிறு நிறைந்தாலும் நலம் குன்றும். கையில் ஒரே விதைதான் இருக்கிறதென்றால், ஆற்றோரத்தில் வணிகத் துறையைக் கட்டி, படகில் வரும் வணிகரிடம் மற்ற விதைகளை வாங்கிக்கொள்ளுங்கள். கடினமான தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தொடக்கத்தில் எந்த விதையும் கிடையாது என்பதால் அவர்களுக்கு இதைத் தவிர வேறு வழியும் இல்லை.

மண் களைப்பதையும், பயிர் சுழற்சியையும் விரும்புகிறவருக்கு, அடுத்த கடிதத்தில் குறிப்பிடப்படும் விளையாட்டு நிறைவைத் தரும்.

கேள்வி: 'மேனர் லார்ட்ஸ்' விளையாட்டில் வயலின் பரப்பு மோர்கன் என்னும் அளவில் காட்டப்படுகிறது. எங்கள் நாட்டின் பழைய நிலப் பத்திரங்களிலும் மோர்கன் என்றே இருக்கும். என் வேலையில் அவற்றை அடிக்கடிப் பார்ப்பேன். இரண்டும் ஒன்றா? அதில் வயலை நீளமாகப் போட வேண்டும் என்கிறார்களே, ஏன்? ஒரு பெரிய வயல் போட்டேன். உழுது முடிப்பதற்குள் பனிக்காலம் வந்துவிட்டது.
— பிரிட்டோரியா, தென் ஆப்பிரிக்கா

பதில்: கடல் கடந்து வந்த இந்தக் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. மோர்கன் என்ற சொல்லுக்கு ஜெர்மன், டச்சு மொழிகளில் காலை என்று பொருள். ஒருவர் தம் ஏரைக் கொண்டு ஒரு காலைப் பொழுதில் உழுது முடிக்கக்கூடிய நிலம் என்பதே அந்த அளவின் பிறப்பு. உழைப்பைக் கொண்டு பிறந்த அளவு என்பதால், மண்ணுக்கும் ஊருக்கும் தக்கபடி அது மாறிக்கொண்டே இருந்தது. ஜெர்மன் நாடுகளில் பல இடங்களில் கால் ஹெக்டேர் அளவில் இருந்த அது, உங்கள் நாட்டில் 0.8565 ஹெக்டேர் என்று நிலைபெற்று, 1970-களில் மெட்ரிக் அளவு வரும்வரை வழங்கியது. ஆகவே பத்திரத்தின் மோர்கனை விளையாட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். விளையாட்டில் காட்டப்படுவதை ஒரு வயலோடு இன்னொரு வயலை ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். (எங்கள் தீவில் பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற ஆர்ப்பாங் இன்றும் வழக்கில் இருக்கிறது, அது 4,221 சதுர மீட்டர், ஆங்கில ஏக்கரைவிடச் சற்றுப் பெரிது. தஞ்சைத் தரணியில் நம் பாட்டனார்கள் மா, வேலி என்று கணக்கிட்டார்கள். இருபது மா ஒரு வேலி.)

2024 ஏப்ரலில் முன்னோட்ட நிலையில் வெளியான மேனர் லார்ட்ஸில் கட்டங்கள் கிடையாது. நான்கு மூலைகளை ஊன்றி நாம் விரும்பிய வடிவத்தில் வயலை வரையலாம். அதனால்தான் அங்கே வடிவம் பொருட்படுத்த வேண்டியதாகிறது. மாடு பூட்டிய கனமான ஏர் நேராகப் போகும்போது வேலை நடக்கிறது. திருப்பும்போது நேரம் போகிறது. ஒரே பரப்பைச் சதுரமாக வைத்தால் திருப்பங்கள் அதிகம், நீளப் பட்டையாக வைத்தால் குறைவு. இடைக்கால ஐரோப்பாவின் உழவர்களும் இதை அறிந்திருந்தார்கள்: இங்கிலாந்தில் ஏக்கர் என்பது 220 கஜ நீளமும் 22 கஜ அகலமும் கொண்ட பட்டையாகவே அளக்கப்பட்டது, அந்த 220 கஜ நீளத்துக்கு வழங்கிய ஃபர்லாங் என்ற பெயரே உழவுச் சாலின் நீளம் என்ற பொருளில் பிறந்தது. உங்கள் வயலையும் நீளம் அகலத்தைப் போல நான்கைந்து மடங்கு இருக்கும்படி வரையுங்கள். பத்து மடங்குவரை போக வேண்டியதில்லை.

பனிக்கு முன் உழுது முடிக்க முடியாமல் போனதற்கு, வயல் ஒரே பெரும் துண்டாக இருந்ததே காரணம். அங்கே வேலைகள் வயல்வாரியாக நடக்கின்றன. பாதி உழுத பெரிய வயல் அந்த ஆண்டுக்குப் பயனற்றது. அதே பரப்பை மூன்றாகப் பிரித்திருந்தால், நேரம் போதாவிட்டாலும் இரண்டு வயல்களாவது உழுது விதைத்து முடிந்திருக்கும். மூன்றாகப் பிரிப்பதில் இன்னொரு பெரும் நன்மையும் உண்டு. இந்த விளையாட்டில் மண் உண்மையாகவே களைக்கிறது; தரிசு போட்டால் தேறுகிறது. ஒவ்வொரு வயலுக்கும் மூன்று ஆண்டுக்கான திட்டத்தை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். முதல் வயலுக்குக் கோதுமை, பார்லி, தரிசு. இரண்டாவதுக்கு பார்லி, தரிசு, கோதுமை. மூன்றாவதுக்கு தரிசு, கோதுமை, பார்லி. எந்த ஆண்டை எடுத்தாலும் ஒரு வயல் ஓய்வில் இருக்கும், ஒன்றில் கோதுமை, ஒன்றில் பார்லி. ஆக, ஊருக்கு இரண்டு வயல் அளவு விளைச்சல் தேவையென்றால் மூன்று வயலுக்கு நிலம் ஒதுக்க வேண்டும். உழவும் அறுவடையும் மட்டும் இரண்டு வயலுக்கே. குட்லண்ட்ஸ் ஐயாவும் இதைப் படித்துவிட்டு முயன்று பார்க்கட்டும்.

கேள்வி: பேனிஷ்டில் 100 பேர் வாழும் ஊருக்கு மொத்தம் எத்தனை வயல் வேண்டும்? நேராக ஓர் எண் சொல்லுங்கள்.
— போர்ட் லூயி

பதில்: 100 பேருக்கு ஆண்டுக்கு 10,000 உணவு. எல்லாவற்றையும் வயலிலிருந்தே எடுப்பதென்றால் 8-க்கு 8 அளவில் 23 வயல், 23 உழவர். நான் அப்படிச் செய்ய மாட்டேன்; பாதியைக் காடும் ஆறும் மேய்ச்சல் நிலமும் தரவிட்டு, மீதி 5,000-க்கு 12 வயல் போடுவேன். கெட்ட ஆண்டுக்கென்று மேலும் மூன்று சேர்த்தால் 15 வயல், 15 உழவர். ஊரில் 60 பேர் இருக்கும்போதே பதினைந்தையும் ஒரேயடியாக வரைந்துவிடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும், அறுவடை முடிந்ததும், இளைஞர்களில் எத்தனை பேர் வரும் வசந்தத்தில் வேலைக்கு வருவார்கள் என்று எண்ணி, அத்தனைக்கு மேல் ஒரு வயலும் கூடாமல் புதிதாக வரையுங்கள். குளிர்காலத்தில் மரமும் கல்லும் அகற்றப்பட்டு, பனி உருகும்போது அந்த வயலும் அதற்கான ஆளும் ஒன்றாகத் தயாராக இருப்பார்கள்.